யாழினியின் இடது கண்

தம்பி,

அடுத்த வாரம் வித்யாவும் யாழினியும் உன்னிடம் வந்து சேருவதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் பக்கத்துத் தெருப் பையன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அறையில் தங்கியிருப்பவர்களும் வேண்டுமானால் படிக்கட்டும். அவர்களுக்கும் ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பிப்பேன், நீ நடுவில் புகுந்து கத்துவாய், நானும் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். குறுக்கே வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது பார், அதுதான் வசதி.

முதலில் நல்ல சேதி. போன புதன்கிழமை கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, பாப்பாவின் இடது கண் பார்வை கிட்டத்தட்ட வலது கண்ணுக்குச் சமமாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. வெளியே வந்து எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தேன், சர்க்கரை போட்டு. உன் அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். என் சுகரைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் ஒன்று வாங்கிக் குடித்தாள்.

"கொஞ்சம் பவர் இருக்குதாம், கண்ணாடி போட்டிருக்கு" என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். அதற்கே நீ என்ன குதி குதித்தாய். மூணு வயசுப் புள்ளைக்குக் கண்ணாடியா, போனக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டீங்க, எந்த டாக்டர் சொன்னான் என்று வித்யாவைப் பிடித்துத் திட்டினாய். பிறகு தினமும் வீடியோ காலில், "கண்ணாடியக் கழட்டச் சொல்லு, எம் புள்ள முகத்தப் பாக்கணும்" என்பாய். நாங்கள் நெட்வொர்க் சரியில்லை என்று போனைக் கீழே இறக்கிவிடுவோம். நம் செம்மண்டலத்தில் டவர் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் பிள்ளையின் இடது கண் மூக்குப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். உனக்கு அது தெரியக்கூடாது என்று நினைத்தோம். யாழினிக்கு மாறுகண். இதை எழுதவே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நீ லீவில் வந்து போனபோது அவளுக்கு இரண்டு வயது. அப்போது கண் நேராகத்தான் இருந்தது. நீ போன பிறகு, அவள் எதையாவது கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்க்கும்போது, இட்லித் துண்டையோ சுவரில் போகும் எறும்பையோ, இடது கண் லேசாக உள்ளே போகும். ஒரு நிமிஷத்தில் திரும்பிவிடும். காய்ச்சல் வந்தால், தூக்கக் கலக்கத்தில் இருந்தால், கொஞ்சம் அதிகமாகத் தெரியும். போகப் போகப் பகல் முழுக்க அப்படியே நிற்க ஆரம்பித்தது. நான் பார்த்தேன். உன் அம்மா பார்த்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். ஒரு வருஷம் போல இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ இந்த ஊர்ப் பிள்ளை. மருமகள் பெற்ற குழந்தையிடம் ஒரு குறை என்று மாமனார் வாயிலிருந்து வந்தால், அது குழந்தையைப் பற்றிய பேச்சாக நிற்காது. பெண் எடுத்த வீட்டைப் பற்றிய பேச்சாகிவிடும். வித்யாவின் சின்ன மாமா பாலுவுக்கு மாறுகண் என்பது கல்யாணத்திலேயே எல்லோரும் பார்த்ததுதான். நான் போய்க் கண் என்று ஆரம்பித்தால், "எங்க வீட்டு வழியத்தான் சொல்றீங்களா" என்று சம்பந்தி வீட்டில் நினைத்துவிடுவார்கள். பத்து வருஷம் கழித்துக்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். சம்பந்தி மரியாதை என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நல்ல மனுஷன் என்று பெயர் எடுக்கப் பார்த்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

கண்ணைப் பற்றி இரண்டு வீட்டிலும் வெளியே வந்த ஒரே பேச்சு உன் மாமனாருடையது. சிதம்பரம் மேலவீதியில் அவருடைய பாத்திரக்கடைக்குப் போயிருந்தபோது, பிள்ளையைத் தூக்கிக் கல்லாப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "மாறுகண்ணு யோகம் சம்மந்தி. இது லேசா திரும்புன நேரம்தான் எனக்குப் புவனகிரியில ரெண்டாவது கடை அமைஞ்சுது. எங்க பாப்பா அதிர்ஷ்டக்காரி." நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. யோகம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டாம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வேண்டாம் பார்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை என்று பிள்ளை சிணுங்கினாள், நான் கண்ணாமூச்சி ஆடினேன். பின்னாலிருந்து இடது கண்ணைப் பொத்தினேன். சிரித்துக்கொண்டு பொம்மையோடு விளையாடினாள். வலது கண்ணைப் பொத்தினேன். கத்திக்கொண்டு என் கையைப் பிய்த்து எறிந்தாள். விளையாட்டு என்று நினைத்து மறுபடி பொத்தினேன், நகத்தால் கீறிவிட்டாள். இடது கண்ணைப் பொத்தினால் சிரிப்பு, வலது கண்ணைப் பொத்தினால் அழுகை. வலது கண்ணை மூடியபடியே இன்னொரு கையால் அவள் முன்னால் ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். பிள்ளை காற்றில் தடவினாள், தம்பி. பிஸ்கட் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

வாசற்படியில் துணி எடுத்துக்கொண்டு வந்த வித்யா இதைப் பார்த்துவிட்டாள். "விடுங்க மாமா, வெளையாடாதீங்க மாமா" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியும் மாமா. மொதல்லேர்ந்தே தெரியும். நீங்கள்லாம் என்ன சொல்லுவீங்களோன்னுதான் வாயத் தெறக்கல. எங்கப்பாகிட்ட சொன்னா அதிர்ஷ்டம்ங்கறாரு. அவுருகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல." அவுரு என்றது உன்னைத்தான். உனக்கு அனுப்பிய போட்டோக்களை எடுத்துப் பார். ஒன்றிலாவது பிள்ளை நேராகப் பார்க்கிறாளா? எல்லாமே வலது பக்கமிருந்து எடுத்தவை, வீடியோ காலிலும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினாள். ஒரு தாய் எத்தனை நாள் இப்படிக் கோணம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்திருப்பாள் என்று யோசித்துக்கொள். இதற்காக அவளை நீ ஒரு வார்த்தை கேட்டாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கேட்பதாக இருந்தால் என்னைக் கேள்.

மறுநாளே நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். காது குத்தவே தாய்மாமன் மடி வேண்டும் என்கிற ஊரில், கண்ணில் கைவைக்க அந்த வீட்டைக் கேட்காமல் முடியாது. ஆலப்பாக்கத்திலிருந்து வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. சாப்பாடு போட்டார்கள். ரசம் ஊற்றும்போது, "சம்மந்தி, பாப்பா கண்ண டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்" என்று போட்டு உடைத்தேன். உன் மாமனார் பழையபடி யோகம் என்று தொடங்கினார். கரண்டியோடு நின்ற உன் மாமியார் குறுக்கே புகுந்தார். "நாங்களும் பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கோம். எங்க வாயால சொன்னா, உங்க வீட்டு வழின்னு எங்க பொண்ணத்தான் பேசுவீங்கன்னு பயந்துகிட்டு இருந்தோம்" என்றார். நான் எதற்குப் பயந்தேனோ அதற்கேதான் அவர்களும் பயந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பேச்சை முடித்து வைத்தது பாலுதான். உன் மாமியாரின் தம்பி, கடையிலேயே வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்னையும் அதிர்ஷ்டம்னு சொல்லிச் சொல்லித்தான் மாமா வளத்தாங்க. ஒரு டாக்டர்கிட்டயும் காட்டல. இந்தக் கண்ணுல இன்னி வரைக்கும் எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது. பாப்பாவ நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க." அதற்கு மேல் அங்கே யாரும் யோகம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே கடலூரில் குழந்தைகள் கண் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். இரண்டு சம்பந்தி வீடும் சேர்ந்து போனதில் அந்த அறையில் நிற்க இடமில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவை விரிந்த பிறகு உள்ளே லைட் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே வேறு கோளாறு எதுவும் இல்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. பிள்ளைக்குத் தூரப்பார்வை, பிளஸ் பவர். கிட்டத்தில் பார்க்கக் கண் ரொம்பப் பாடுபடுகிறது, அந்தப் பாட்டில்தான் ஒரு கண் உள்ளே திரும்பிவிடுகிறது என்றார். "ரெண்டு கண்ணும் ரெண்டு படம் அனுப்புதுங்க. ரெண்டும் ஒண்ணா சேரலைன்னா மூளை ஒரு படத்த வேணாம்னு தள்ளிடும். தள்ளித் தள்ளி, அந்தக் கண்ணு பாக்கவே பழகாமப் போயிடும். இந்த வயசுல வந்தீங்க, நல்லா திருப்பிடலாம். ஏழெட்டு வயசு தாண்டிட்டா ரொம்பக் கஷ்டம்." பாலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷனா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "மொதல்ல கண்ணாடி. அதுல எவ்வளவு நேராகுதுன்னு பாப்போம். மிச்சம் இருந்தாத்தான் ஆபரேஷன் பேச்சு. சில புள்ளைங்களுக்கு அது வேணும், அதுலயும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஆபரேஷன் கண்ணத்தான் நேராக்கும், மங்கிப்போன பார்வைய அது குடுக்காது. பார்வைக்கு ஒட்டுதான்." ஒட்டு என்றால், நன்றாகத் தெரிகிற வலது கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரி போல ஒன்றால் ஒட்டி மூடிவிடுவது. வேறு வழியில்லாமல் இடது கண் வேலை செய்தே தீர வேண்டும்.

கண்ணாடி சுலபமாக ஒத்துக்கொண்டது. போட்ட சில வாரங்களில் கண் நேராக நின்றது. உன் அம்மா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஒட்டியதும் பிள்ளைக்கு உலகமே மங்கிவிடும். கதவில் இடித்துக்கொள்வாள், தட்டைத் தேடுவாள், "எடுத்துடு தாத்தா, எடுத்துடு" என்று என் காலைக் கட்டிக்கொள்வாள். நான் இரும்பு மனுஷன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வித்யா கடைக்குப் போன நேரத்தில் மெல்ல எடுத்துவிட்டு, அவள் வரும்போது திரும்ப ஒட்டிவிடுவேன். உன் அம்மாவும் அவள் பங்குக்கு அதையே செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. சிதம்பரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் நாள் முழுக்க ஒட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. போட்டோவில் பிள்ளை லட்சணமாக விழ வேண்டும் என்று உன் மாமனார் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் பார்வை துளிகூட ஏறவில்லை. டாக்டரம்மா எங்களை வரிசையாகப் பார்த்தார். "வீட்ல பெரியவுங்க எத்தன பேரு?" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அத்தன பேரும் மாத்தி மாத்திப் பாவம் பாக்குறீங்க போல. இன்னிக்கு நீங்க பாக்குற பாவத்துக்குப் புள்ள ஆயுசு முழுக்க ஒத்தக் கண்ணோட இருக்கணும், பரவால்லையா?" என்று போட்டார் ஒரு போடு. டிரைவர் வேலையில் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன், இதுபோல் வாங்கியதில்லை. வீட்டுக்கு வரும் வரைக்கும் வித்யா எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அவளுக்கு அந்தக் கோபம் வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து உன் மாமனார், மாமியார், பாலு மூவரும் வந்தார்கள். தான் சட்டைப்பையில் போட்ட சங்கதி உன் மாமனாரை உறுத்தியிருக்க வேண்டும். வந்ததும், "எல்லாருக்கும் ஒட்டு போடுடா தங்கம், இன்னிக்கு நாம எல்லாரும் ஒண்ணு" என்று முகத்தை நீட்டினார். பிள்ளைக்கு ஒரே குஷி. எங்கள் எல்லோருக்கும் வலது கண்ணில் ஒட்டிவிட்டாள். வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம். கிட்டத்து வேலை கொடுத்தால் கண்ணுக்கு நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உன் அம்மா ஒட்டிய கண்ணோடு எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். சிரிப்பும் கேலியுமாக இருந்தது.

பாலு டம்ளருக்குக் கையை நீட்டினார். கை டம்ளருக்குப் பக்கத்தில் தரையைத் தடவியது. மறுபடி தடவியது. அவருக்கு நல்ல கண் வலது கண்தான், அதைத்தான் பிள்ளை ஒட்டியிருக்கிறாள். யாருக்கும் அது தோன்றவே இல்லை. அவர் ஒட்டைப் பிய்த்திருக்கலாம், பிள்ளை ஆசையாக ஒட்டியது என்று பிய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போது யாழினி எழுந்து வந்து, அவளுக்கும் வலது கண் மூடித்தானே இருந்தது, குனிந்து டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து அவர் கையில் வைத்தாள். "இங்க இருக்கு மாமா, சூடு, பாத்து." உன் மாமனார் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்தவர், வித்யாவிடம், "டாக்டர் சொன்னதுக்கு ஒரு நிமிஷம் கொறையாதம்மா. யார் எடுத்தாலும் என்கிட்ட சொல்லு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் அந்த ஒட்டில் கைவைக்கத் தைரியம் வரவில்லை.

மாதக்கணக்கில் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் போர்டில் முதலில் பெரிய படம் மட்டும் தெரிந்தது, பிறகு அதற்குக் கீழே இருப்பது, பிறகு அதற்கும் கீழே. இப்போது ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டு தினம் ஒரு மணி நேரம் போதும், மெல்ல நிறுத்திவிடலாம். ஆனால் திடீரென்று விட்டுவிட்டால் பார்வை பின்னால் போகக்கூடும், அங்கேயும் சில மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகள் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி பல வருஷம் வேண்டியிருக்கும். போட்டோவுக்கு, கல்யாணத்துக்கு, உன் நண்பர்கள் வருகிறார்கள் என்பதற்கு, எதற்கும் கழற்றச் சொல்லாதே. நாளைக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் ஒரு வயதிலேயே கண்ணைக் காட்டிவிடு, இது குடும்பத்தில் ஓடும்.

உன் அறையில் இருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதம் கண் அங்கே இங்கே அலையும், அது தானாகச் சரியாகும். ஆறு மாதம் தாண்டியும் திரும்பினால் காத்திருக்காதீர்கள். மூக்குத் தண்டு அகலமாக இருக்கும் குழந்தைக்குக் கண் நேராக இருந்தாலும் மாறுகண் போலத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், தாத்தா இல்லை. ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்த படத்தில் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழுகிறதா பாருங்கள். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை, தலையைச் சாய்த்து டிவி பார்க்கிற பிள்ளை, ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் அழுகிற பிள்ளை, இவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாவைக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே போங்கள். யோகம் வருகிறபோது வரட்டும்.

இனி உனக்கு மட்டும். ராத்திரி தூங்கப் போகும்போது அவளே கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். கழற்றியதும் இடது கண் உள்ளே போகும். அது அப்படித்தான், பயப்படாதே. உன் முகம் மாறினால் அவள் கவனித்துவிடுவாள், இப்போது அவளுக்கு எல்லாம் தெரிகிறது. போன மாதம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "தாத்தா, என் கண்ணு எங்க போவுது?" இந்த வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்காததை அந்தப் பிள்ளை கேட்டுவிட்டாள். நான் சொன்னேன்: "அது மூக்கப் பாக்கப் போவுது. கண்ணாடி போட்டா வந்துரும்." ஓஹோ என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். உன்னிடமும் கேட்பாள். பேச்சை மாற்றாமல், போனை எடுக்காமல், அவள் முகத்தைப் பார்த்து நீயும் அதையே சொல்.

அப்பா